அரைக் கட்டை

மேல் ஸ்வரம் நெருங்கினால் அவன் கழுத்து தானாக நீளும். தாடை தூக்கிக்கொள்ளும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. "உறுமீன் வரட்டும், அப்புறம் பாருங்க" என்று சொல்லித் தானும் சிரிப்பான்.

உறுமீன் மூன்றாம் வருஷத்தில் வந்தது. நகரத்தின் பெரிய கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரு பழைய ஓரட்டோரியோ பாடப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். வேஷம் இல்லை, திரை இல்லை. எண்பது பேர் கோரஸாக நிற்க, நான்கு பேர் முன்னால் நின்று ஒரு கதையை இரண்டரை மணி நேரம் பாடித் தீர்ப்பது. முற்றுகையில் சிக்கிய ஓர் ஊரின் கதை. அதில் டெனர், அதாவது ஆண்களின் மேல்சுருதிக் குரலுக்கு, காவலாளியின் பாகம். கதையைச் சொல்லிக்கொண்டு போகிறவன் அவன்தான். இருபத்திரண்டு வயதில் அது கொக்குக்குக் கிடைத்தது. தேர்வில் அவன் பாடியது பேச்சுப்பாட்டு, அதாவது பேசுகிற மாதிரியே பாடிக் கதை சொல்லும் பகுதி. அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் உரித்துவைத்த மாதிரி விழும்.

அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். "கண்டக்டர் அம்மாவே இவனத்தான் வேணும்னு சொல்லிட்டாங்க."

"எந்த ரூட்டு கண்டக்டர்?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

அந்த அம்மாள் டிக்கெட் கிழிக்கிறவர் அல்ல. கையில் வெள்ளைக் கோலோடு நூற்றுப் பத்துப் பேரை ஆட்டி வைக்கிறவர். ஐம்பத்தைந்து வயது. கோபத்திலும் குரல் உயராது. மேசையில் கரண்டி விழுந்தால் அது என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடும் காது அவருக்கு. முதல் வாரமே கொக்கைத் தன் அறைக்கு அழைத்துக் காவலாளியின் பெரிய பாட்டைப் பாடச் சொன்னார். விடியலைக் கண்டு காவலாளி கூவும் இடத்தில் ஒரு பி ஃப்ளாட், பாட்டிலேயே உயரமான ஸ்வரம், அதை நான்கு எண்ணிக்கை நிறுத்த வேண்டும். கொக்கின் குரல் அங்கே போனதும் ஓடு உடைந்த மாதிரி உடைந்தது.

"சளி மேடம்" என்றான்.

"சளியா?" அவர் பியானோ மூடியைச் சாத்தினார். "நான் ஆறு வாரம் வெளியூர்ல வேற கச்சேரிக்குப் போறேன். அதுக்குள்ள இது வரணும். வரலன்னா போன்ல சொல்லு, வேற ஆளு பாக்கறேன், தப்பா எடுத்துக்க மாட்டேன். பொய் மட்டும் சொல்லாத. பொய் சொல்றவங்கள நான் மேடையில ஏத்தறதில்ல."

வீட்டில் அவனுக்கு வாசிக்கிறவள் அக்கா. ஆறு வயது மூத்தவள். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க யாருக்கு எத்தனை மணிக்கு என்று எழுதுவாள். சின்ன வயதில் பத்து வருஷம் பியானோ படித்தவள். கல்லூரியில் இரண்டு தடவை இடம் கேட்டுக் கிடைக்காமல் போனது. மூன்றாவது தடவை தம்பி கேட்டான், கிடைத்தது. அந்த நாளிலிருந்து அவள் தம்பிக்கு வாசிக்கத் தொடங்கினாள். கூடத்தில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், ஒரு மின்சாரக் கீபோர்டு. சாயங்காலம் ஆறரைக்கு அவள் வேலையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு வரைக்கும் ஓடும்.

கொக்கு அவளை நன்றாக நடத்தினான் என்று சொல்ல முடியாது. போன வருஷம் மாணவர் கச்சேரியில் கல்லூரிப் பியானோக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அக்காள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வாசித்தாள். பயத்தில் ஓரிடத்தில் இரண்டு எண்ணிக்கை முன்னால் போய்விட்டாள். வேறு யாராக இருந்தாலும் பாடகன் சமாளித்துக்கொண்டு போயிருப்பான். கொக்கு பாட்டை நிறுத்தினான். இருநூறு பேர் எதிரில் அவள் பக்கம் திரும்பி, "அக்கா, நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்ல?" என்றான். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

கோரஸில் மற்றவர்களிடமும் அவன் வாய் அப்படித்தான். பதினைந்து வருஷமாக டெனர் வரிசையில் நிற்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். மெல்லிய குரல், ஆனால் சுத்தமான குரல். அவர் ஆசையாக அருகில் வந்து, "தம்பி, என் குரல் பின்னாடி வரைக்கும் கேக்குதா?" என்று கேட்டபோது, "உங்க குரல் நல்ல கண்ணாடி மாதிரிண்ணா, போட்டிருக்கிறதே தெரியாது" என்றான். அன்று முழுக்க டெனர் வரிசையே அதைச் சொல்லிச் சிரித்தது.

மேடம் ஊருக்குப் போன பிறகு கொக்கு தினமும் அந்த ஸ்வரத்தோடு மல்லுக்கட்டினான். வரவில்லை. ஒரு நாள் காற்றாகப் போனது, ஒரு நாள் கீச்சென்றது. மூன்று வாரம் இப்படி. அவன் சாப்பாட்டைக் குறைத்தான். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஆவி பிடித்தான். ராத்திரி படுக்கும்போதும் கழுத்தில் மஃப்ளர். அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயாச்சும் ஏதாவது செய்யேன்டி. புள்ள எலும்பும் தோலுமா போறான்."

அக்காள் செய்தாள்.

அந்தக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு தடவை அழுத்தினால் எல்லாக் கட்டைகளின் ஒலியும் அரைக் கட்டை கீழே இறங்கிவிடும். விரல் பழைய இடத்திலேயே பழைய பாட்டை வாசிக்கும். காதுக்கு வருவது மட்டும் ஒரு படி தாழ்ந்து வரும். மூலையில் ஒரு சின்னச் சிவப்பு எண் எரியும். அவள் பாட்டின் நோட்டுப் புத்தகத்தை அதன்மேல் சாய்த்து வைத்தாள். அவனுக்கு ஒரே ஒரு நல்ல நாள் கிடைக்கட்டும், ஒரு வேளை வயிறாரச் சாப்பிடட்டும் என்றுதான் நினைத்தாள். பாடி முடித்ததும் சொல்லிவிடலாம்.

கொக்கு பாடினான். விடியலைக் கண்ட இடத்தில் கழுத்து நீண்டது, குதிகால் எழுந்தது, ஸ்வரம் வந்தது. கூடம் நிறைய, நான்கு எண்ணிக்கை முழுசாக நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவைப் பார்த்தான். "பாத்தியா? இத்தனை நாளா உன் வாசிப்புதான் என்னப் பின்னால இழுத்துட்டு இருந்துது. இன்னிக்குத்தான் ஒழுங்கா வாசிச்ச."

வாய் வரை வந்த வார்த்தையை அக்காள் விழுங்கினாள். "அப்படியா?" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளும் அந்தப் பொத்தானை அப்படியே விட்டுவைத்தாள். அதற்கு மறுநாளும். இவன் காது எப்போது கண்டுபிடிக்கும் என்று பார்த்தாள். அவன் கண்டுபிடிக்கவில்லை. நாளாக நாளாக அவன் குரல் அந்த இறங்கிய சுருதியில் பழகி, கொழுத்து, அழகாக ஆகிக்கொண்டு வந்தது. கல்லூரியில் அப்போது விடுமுறை. பயிற்சி அறைகள் பூட்டிக் கிடந்தன. வேறு பியானோவுக்கு அவன் போகவுமில்லை.

நான்காவது வாரக் கடைசியில் அவன் செல்போனை நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான். "இன்னிக்கு ரெக்கார்டு பண்ணி மேடத்துக்கு அனுப்பறேன். ஒழுங்கா வாசி."

அக்காவின் கை பொத்தான் பக்கம் போனது. எடுத்துவிட்டால் இப்போதே உடையும், இந்தக் கூடத்தோடு போகும். எடுக்காவிட்டால் அந்த அம்மாள் கேட்டதும் தெரிந்துவிடும். அவளுக்கு இது நன்றாகத் தெரியும். கீபோர்டு ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்துவிட்டுக் கையைக் கட்டைகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். "நான் ரெடி" என்றாள்.

மேடத்திடமிருந்து மறுநாள் ஒரு வரி பதில் வந்தது: "கேட்டேன். ஆர்க்கெஸ்ட்ராவோட பார்க்கலாம்." கொக்கு அதை அம்மாவிடம் நான்கு தடவை படித்துக் காட்டினான்.

ஆர்க்கெஸ்ட்ராவோடு முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீளமான மண்டபம்; மடக்கு நாற்காலிகள் இழுபடும் சத்தம், வயலின்கள் சுருதி கூட்டும் சத்தம். கொக்கு முன்னால் மேடத்தின் இடது கைப்பக்கம் நின்றான். புதுச் சட்டை. பேச்சுப்பாட்டை அவன் பாடியபோது வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டினார்கள். பிறகு பெரிய பாட்டு வந்தது. முதல் வரியிலேயே எதுவோ இறுகியது. மண்டபத்தின் குளிர் என்று நினைத்துக்கொண்டான். விடியல் வந்தது. கழுத்து நீண்டது. குரல் இரண்டாகப் பிளந்தது.

மேடம் கோலைத் தாழ்த்தினார். "மறுபடியும்."

மறுபடியும் பிளந்தது.

"மறுபடியும்."

மூன்றாம் தடவை ஸ்வரமே வரவில்லை, இருமல்தான் வந்தது. கோரஸில் ஒரு சின்னப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்" என்றார் மேடம். பையிலிருந்து செல்போனை எடுத்து மண்டபத்தின் ஒலிபெருக்கி ஒயரில் செருகினார். கொக்கின் குரல் நான்கு மூலையிலிருந்தும் கிளம்பியது; கூடத்தில் அன்று பாடியது, கொழுத்து, அழகாக. மேல் ஸ்வரத்தில் அது நின்றுகொண்டிருக்கும்போதே, "ஓபோ, எங்க, ஒரு பி ஃப்ளாட் குடுங்க" என்றார். ஓபோக்காரர் தன் குழலில் ஊதினார். இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. பாட்டே தெரியாத மண்டபத்து வாட்ச்மேனுக்கும் அது பொருந்தவில்லை என்று தெரிந்திருக்கும்.

மேடம் ஒயரைப் பிடுங்கினார்.

"அரைக் கட்டை. என் காது அம்பத்தஞ்சு வருஷமா என்கூடத்தான் இருக்கு தம்பி. ஒரு பொத்தான அமுக்கி அத ஏமாத்திடலாம்னு நெனச்ச. வரலன்னு சொல்லியிருந்தா இந்தப் பேச்சுப்பாட்டுக்காகவே உன்ன வெச்சிருப்பேன், தெரியுமா? பெரிய பாட்ட மட்டும் வேற ஒருத்தர் பாடியிருப்பாரு."

"மேடம், நான்... எனக்கு..."

"இன்னிக்கும் சளியா?"

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு கோரஸைப் பார்த்தான். டெனர் வரிசைதான் அதிகமாகச் சிரித்தது.

"கண்ணாடிக்காரரே, வாங்க" என்றார் மேடம்.

கண்ணாடிக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். கையிலிருந்த புத்தகத்தில் காவலாளியின் பாட்டு முழுக்கப் பென்சில் குறிகள். இரண்டு வாரமாக மேடம் அவருக்குப் போனிலேயே பாடம் சொல்லி வந்திருக்கிறார். அவர் கொக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. நின்ற இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்ததால் கொக்கு நகர்ந்தான். நகர்ந்ததில் ஒரு ஸ்டாண்டு சாய்ந்து காகிதங்கள் தரையில் பரவின. அவன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கிவிட்டது. கண்ணாடிக்காரரின் பி ஃப்ளாட் ஒல்லியாக, நேராக, அதன் இடத்தில் போய் நின்றது.

வீட்டுக்குள் வந்ததும் அவன் நேராகப் போய், சாய்த்திருந்த புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கீபோர்டை முடுக்கினான். சிவப்பு எண் எரிந்தது. அக்காள் மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் ஆச்சு" என்றாள். மறைக்கவில்லை.

"நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்து ஓரத்தை நீவினாள். "யோசிச்சுப் பாரு. நெறைய இருக்கும்."

"இப்பவே மேடத்துக்குப் போன் பண்றேன். செஞ்சது நீதான்னு சொல்றேன்."

"சொல்லு. நானே நம்பர் போட்டுத் தரேன். அக்காதான் பொத்தான அமுக்கினா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. மூணு வாரமா உனக்குக் கேக்கலையான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "வாசி. எது எறக்கினது, எது சரியானதுன்னு நான் சொல்றேன்."

"வேணாம்டா."

"வாசிங்கறேன்ல!"

அவள் பொத்தானைப் போட்டும் எடுத்தும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கட்டைகளைக் கண்டபடி அழுத்திக் காதைக் கலைத்துவிட்டு, பாட்டின் முதல் வரியை எட்டுத் தடவை வாசித்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி எறங்கினது, சரி, சரி, எறங்கினது என்று சொல்லிக்கொண்டு வந்தான். எட்டில் மூன்றுதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் நான்கு தேறியிருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சாப்பிட வரீங்களா இல்லியா?" என்றாள். அவன் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

அவன் போன் செய்யவில்லை. பாட்டுக்காரனுக்குக் குரல் போனால் திரும்ப வரும். காது இல்லை என்று பெயர் வந்தால் அதோடு சரி என்று நினைத்தான். அதற்குப் பொய்யன் பட்டமே தேவலை. மூன்று நாள் யோசித்து மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதினான்: தப்பு என்னுடையது, வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்தே செய்தேன், மன்னியுங்கள். செய்யாத தப்பை அவன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

நான்காம் நாள் மேடமே கூப்பிட்டார்.

"கடிதம் கிடைச்சுது. அந்த ரெக்கார்டிங்ல கீபோர்டு வாசிச்சது யாரு?"

"எங்க அக்கா, மேடம்."

"அவங்ககிட்ட குடு."

அவன் செல்போனை அக்காவிடம் நீட்டினான். அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பக்கம் பேசியதில் பாதி அவனுக்கும் கேட்டது. தம்பிக்காகச் செய்தது புரிகிறதாம். ஆனால் பாடுகிறவன் எங்கே மூச்செடுப்பான் என்று தெரிந்து வாசிக்கிற கை அதுவாம். கோரஸுக்கு ஒத்திகைப் பியானோக்காரர் வேண்டுமாம். அக்காள் "சரிங்க மேடம்", "சரிங்க மேடம்" என்று இரண்டு தடவை சொன்னாள். வைத்த பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

கச்சேரிக்கு அவன் போகவில்லை. அம்மா போனாள். "அந்த மனுஷன் நல்லாத்தான் பாடினாரு. என்ன இருந்தாலும் உன்ன மாதிரி வருமா? உனக்குத் தொண்டை கட்டினது என் கெட்ட நேரம்" என்றாள். தொண்டைக்கட்டு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வருஷக் கடைசித் தேர்வுக்கும் அவன் போகவில்லை. ஒரு கூரியர் ஆபீசில், பார்சல் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் சேர்ந்தான். நாளெல்லாம் திரை, பத்தே மாதத்தில் எழுத்துகள் மங்கத் தொடங்கின.

கண்ணாடிக்கடை ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வேறு கடைக்குப் போக நினைத்து, மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே ஏறினான். கடைக்காரர் பழையதைப் பேசாமல் உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசியில் அவராகவே ஆரம்பித்தார்.

"கேக்கக் கூடாது. ஆனா மனசுல இருந்துட்டே இருக்கு தம்பி. மேடம் காது உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு அந்த வேலை செஞ்ச?"

பெரிய சோதனைக் கண்ணாடி அவன் மூக்கில் உட்கார்ந்திருந்தது. அதோடேயே சொன்னான், முதல் தடவையாக. "நான் செய்யலண்ணா. எறக்கி வாசிச்சது எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குக் காது இல்ல."

"என்ன இல்ல?"

"எந்தக் கட்டைன்னு கேட்டுச் சொல்ற காது."

கடைக்காரர் கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் வைத்தார். "அதுக்கா? அது எனக்கு மட்டும் இருக்கா? எண்பது பேர்ல யாருக்கு இருக்கு? மேடத்துக்கு இருக்கு, அந்த ஓபோக்காரருக்கு இருக்கு. நாங்கள்லாம் ஸ்வரம் குடுத்தா புடிச்சிட்டுப் போற ஆளுங்க. பியானோவோட சேந்து எறங்கினா நானும் சேந்துதான் எறங்குவேன். அன்னிக்கே இத வாய விட்டுச் சொல்லியிருந்தா மேடமே சிரிச்சிருப்பாங்களே தம்பி!"

அவன் எழுந்தான். சோதனைக் கண்ணாடியைக் கழற்ற மறந்துபோய் வாசல் வரை நடந்துவிட்டான். அவர்தான் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அக்காள் சாப்பாட்டு மேசையில் அடுத்த கச்சேரியின் புத்தகத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தாள். பல் மருத்துவரிடம் இப்போது அரை நாள்தான் போகிறாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"அந்தக் காது எல்லாருக்கும் இருக்காதாமே."

அவள் நிமிர்ந்தாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பியானோ படிக்கும்போதே டீச்சர் சொல்லியிருக்காங்க. எனக்கும் கெடையாது."

"நான் சுவத்தப் பாத்துட்டு நின்னேனே, அன்னிக்கும் தெரியுமா?"

பென்சிலின் முனை காகிதத்தில் ஒரே இடத்தில் நின்றது. "ஒரு வாரம் கழிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "கொஞ்சம் அனுபவிக்கட்டும், அப்புறம் சொல்லிடலாம்னு. அதுக்குள்ள மேடம் போன் வந்துது."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்காள்.

அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் பக்கத்தைத் திருப்பி, கோரஸ் மூச்செடுக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அவன் ஆபீசுக்கு அருகில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான். அம்மா வாரம் ஒரு தடவை போன் செய்வாள். சாப்பிட்டாயா, வேலை எப்படி என்பதெல்லாம் முடிந்ததும், "ரெண்டு வரி பாடேன்டா, கேட்டு எத்தனை நாளாச்சு" என்பாள்.

"சளிம்மா" என்பான்.

"இன்னுமா?" என்று அவள் கவலைப்பட்டு, ஆவி பிடிக்கச் சொல்லுவாள்.